ஹியூல் ஹவ்ஸர் ஆர்க்கைவ்: ஆள விடுங்க, அவர் முதுகுக்குப் பின்னாடி பாருங்க

மொதல்லயே ரிசல்ட் சொல்லிடறேன், அப்புறம் பொறுமை இருக்கறவங்க முழுசா படிங்க. கலிஃபோர்னியால ஆரஞ்ச்ங்கற ஊர்ல இருக்கற சாப்மன் யூனிவர்சிட்டி, ஹியூல் ஹவ்ஸர்னு ஒரு லோக்கல் டிவிக்காரர் வருஷக்கணக்கா தெருத்தெருவா சுத்தி எடுத்த ப்ரோக்ராம்களை ஆன்லைன்ல போட்டு வச்சிருக்கு. பாக்கறதுக்கு பைசா கெடையாது. லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கறவங்க, இருந்துட்டு வந்தவங்க, சும்மாவே அந்த ஊர் மேல கிறுக்கு புடிச்சவங்க எல்லாரும் பாக்கலாம். ஆனா ஆர்க்கைவ் ஃபுட்டேஜ் (சேத்து வச்ச பழைய வீடியோ)னு சொன்னதும் கறுப்பு வெள்ளைல ட்ராம் ஓடும், பின்னாடி வயலின் இழுக்கும், ஒரு கம்பீரக் குரல் வருஷம் வருஷமா ஒப்பிக்கும்னு நெனச்சு வந்தீங்கன்னா ஏமாந்துடுவீங்க. இங்க நல்லா ஜிம் பாடி வச்ச ஒரு பெரிய உருவம், அரைக்கை சட்டை, கையில மைக்கு, டென்னஸி இழுவை இங்கிலீஷ்ல "வாவ், தட்ஸ் அமேசிங்"னு சொல்லிக்கிட்டே நேரா கேமராவுக்குள்ள நடந்து வரும். அந்த மனுஷனைத் தாண்டணும். தாண்டிட்டா உள்ள ஒரு ஊரே இருக்கு.

தெரியாதவங்களுக்கு ஆள் யாருன்னு சுருக்கமா. 1945ல டென்னஸில கேலட்டின்னு ஒரு சின்ன ஊர்ல பொறந்தவர். அப்பா பேரு ஹாரல்ட், அம்மா பேரு ஜூவல், ரெண்டையும் ஒட்டி ஹியூல். நாஷ்வில்ல லோக்கல் டிவி, அப்புறம் நியூயார்க், 1981ல லாஸ் ஏஞ்சலஸ் சேனல் 2ல ரிப்போர்ட்டர், நடுவுல கொஞ்ச நாள் சினிமா நியூஸ் ப்ரோக்ராம்ல கூட இருந்தார், அது அவருக்கு ஒட்டல. பப்ளிக் டிவி (லாபத்துக்கு இல்லாம நன்கொடைல ஓடறது) ஸ்டேஷன் கேசிஇடிக்கு வந்து வீடியோலாக்னு குட்டி குட்டி துண்டுகளா ஆரம்பிச்சதுதான் பிள்ளையார் சுழி. 1991ல 'கலிஃபோர்னியாஸ் கோல்ட்' வந்துச்சு. அதுக்கு முன்னாடி மாநிலத்துல இருக்கற 13 பப்ளிக் டிவி ஸ்டேஷனுக்கும் தானே நேர்ல போய், எடுத்துக்கறீங்களான்னு கேட்டுட்டு வந்தாராம், சேல்ஸ்மேன் மாதிரி. அதுக்கப்புறம் 'விசிட்டிங்', 'டவுன்டவுன்', 'ரோட் ட்ரிப்'னு ஏகப்பட்ட சீரீஸ். 2013 ஜனவரில கேன்சர்ல போயிட்டார், 67 வயசு. அஞ்சலி கூட்டம் கிரிஃபித் அப்சர்வேட்டரில, யார் வேணும்னாலும் வரலாம்னு வச்சாங்க. சிம்ப்சன்ஸ் கார்ட்டூன்லயே அவரை நக்கல் அடிச்சிருக்காங்கன்னா அந்த ஊர்ல அவரு எவ்ளோ பிரபலம்னு பாத்துக்கோங்க.

இதெல்லாம் விக்கிலயே கெடைக்கும், விடுங்க. இந்த டேப்பெல்லாம் ஏன் இன்னும் உசுரோட இருக்குங்கறதுதான் எனக்கு பெரிய விஷயமா படுது. ஏன்னா லோக்கல் டிவி எடுத்ததுல பெரும்பாலும் போயே போச்சு. ஆரம்ப கால 2 இஞ்ச் வீடியோ டேப் விலை ஜாஸ்தி, அதனால ஒளிபரப்பு முடிஞ்சதும் அது மேலயே அடுத்த ப்ரோக்ராமை ரெக்கார்ட் பண்ணிடுவாங்க. நியூஸெல்லாம் 16 எம்எம் ஃபிலிம்ல எடுத்துட்டு இருந்தவங்க 70கள்ல வீடியோவுக்கு மாறினப்போ, பழைய ஃபிலிம் டப்பாவுக்கு வைக்க எடமில்லன்னு குப்பைக்கு அனுப்பின ஸ்டேஷன் அமெரிக்கா முழுக்க உண்டு. இதே ஊர்ல ஹவ்ஸருக்கு முன்னாடி ரால்ஃப் ஸ்டோரின்னு ஒருத்தர், அதே சேனல் 2ல (அப்ப ஸ்டேஷன் பேரு கேஎன்எக்ஸ்டி) 1964லேந்து 1970 வரைக்கும் தன் பேர்லயே ஒரு லாஸ் ஏஞ்சலஸ் ப்ரோக்ராம் பண்ணாரு. இவரை விட நல்ல எழுத்து, நல்ல நக்கல், விஷயம் தெரிஞ்ச ஆளு. ஆனா உக்காந்து வரிசையா அத்தனையும் பாக்கலாம்னு நெனச்சா இந்த மாதிரி ஒரே கூரைக்கு கீழ, வீட்டு சோஃபால உக்காந்தபடி கெடைக்காது. யுசிஎல்ஏ யூனிவர்சிட்டி ஆர்க்கைவ்ல கேடிஎல்ஏ ஸ்டேஷனோட பழைய நியூஸ் ஃபிலிம்லாம் பத்திரமா இருக்கு, ஆனா அது ஆராய்ச்சி பண்றவங்களுக்கான எடம், ராத்திரி சாப்பிட்டுட்டு காலை நீட்டிட்டு பாக்கற சமாச்சாரம் இல்ல.

ஹவ்ஸர் பண்ண கெட்டிக்காரத்தனம் என்னன்னா, ப்ரோக்ராமெல்லாம் அவரோட சொந்த கம்பெனி மூலமா எடுத்தது. ஒளிபரப்பு ஸ்டேஷன்ல, சொந்தம் அவருக்கு. அதனால கடைசில மொத்த டேப்பையும் தூக்கி யூனிவர்சிட்டிக்கு குடுக்க முடிஞ்சுச்சு, டிஜிட்டல் பண்ணி ஜனங்களுக்கு ஃப்ரீயா வைங்கன்னு. கேசிஇடி கதையக் கேளுங்க, 2011 ஆரம்பத்துல பிபிஎஸ்ங்கற பப்ளிக் டிவி நெட்வொர்க்கை விட்டு வெளில வந்து, அதே வருஷம் சன்செட் புலவார்ட்ல இருந்த பழைய ஸ்டுடியோவை வித்து, 2018ல இன்னொரு ஸ்டேஷனோட சேந்து, இப்படி ஒரே அல்லாட்டம். அவ்ளோ எடம் மாறின கையில இந்த டேப்புங்க இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா எனக்கு வயித்த கலக்குது. டிவில வேல பாக்கற நண்பர்கள் யாராவது படிச்சா, உங்க ப்ரோக்ராம் யாரு பேர்ல இருக்குன்னு காண்ட்ராக்ட்ட ஒருதரம் எடுத்துப் பாருங்க.

சரி, உள்ள என்ன இருக்கு. எடுத்த விதம்தான் எல்லாமே. ஒரு கேமரா, கேமராமேன் (ரொம்ப வருஷம் லூயிஸ் ஃபுவர்ட்டேன்னு ஒருத்தர், "லூயி, இதைப் பாரு"ன்னு ஹவ்ஸர் அடிக்கடி கூப்புடுவாரே அவருதான்), கையில ஒரு மைக்கு, ஸ்க்ரிப்ட் கெடையாது. காரை விட்டு எறங்குவார், ஒரு ஆள்கிட்ட பேச ஆரம்பிப்பார், பேசிக்கிட்டே நடப்பார், கேமரா பின்னாடியே போகும். வெட்டவே மாட்டாங்க. இன்னைக்கு ட்ராவல் வ்லாக்ல மூணு செகண்டுக்கு ஒரு கட், ட்ரோன் ஷாட், ஸ்லோமோ காஃபி ஊத்தறதுன்னு பழகிப்போன கண்ணுக்கு இது என்னடா கல்யாண வீடியோ மாதிரி ஓடிக்கிட்டே இருக்குன்னு தோணும். உண்மையிலயே கல்யாண வீடியோதான். நல்லா யோசிங்க, பழைய கல்யாண கேசட்ல நாம பொண்ணு மாப்ளயவா பாக்கறோம்? பந்தில சாப்பிட்டுட்டு கேமராவ பாத்ததும் வெக்கப்பட்டு தலைய குனியற பெரியப்பாவைத்தான பாக்கறோம். அதே கத. மூணு நிமிஷம் வெட்டாம ஒரு தெருவுல நடந்தா, எடுக்கணும்னு நெனக்காத எல்லாமே டேப்புல ஏறிடுது. கடை போர்டு, விலைப் பட்டியல், பே ஃபோன், பஸ் கலரு, பின்னாடி யாரோ ஒரு அம்மா ரெண்டு பையோட ரோட்டை க்ராஸ் பண்றது, யாரும் கையில ஃபோனைப் பாக்காம நடக்கறது.

நான் இதை ஒரு வெளையாட்டாவே பண்ணிக்கிட்டு இருக்கேன். வருஷத்தைப் பாக்காம எபிசோடை ஓட விட்டு, பின்னணிய மட்டும் வச்சு எப்ப எடுத்ததுன்னு கண்டுபுடிக்கறது. டவுன்டவுன்ல கிராண்ட் அவென்யூ பக்கம் கேமரா திரும்பும்போது டிஸ்னி ஹால்ங்கற கச்சேரி அரங்கம் அந்த வெள்ளி தகட்டோட முழுசா நின்னா 2003க்கு அப்புறம். வெறும் பார்க்கிங் மட்டும் இருந்தா 90கள் கடைசி, ஏன்னா ஹாலுக்குக் கீழ வர்ற பார்க்கிங் கராஜ மட்டும் கட்டிட்டு காசு இல்லாம மேல ஒண்ணும் கட்டாம வருஷக்கணக்கா போட்டு வச்சிருந்தாங்க. கடை போர்டுல ஃபோன் நம்பரோட மொத மூணு எண்ணை, அதாவது ஏரியா கோடைப் பாருங்க, ஹாலிவுட் பக்கத்துக் கடைல 213ன்னு இருந்தா அது 1998க்கு முந்தின போர்டு, அதுக்கப்புறம் டவுன்டவுனச் சுத்தின ஏரியாவெல்லாம் 323 ஆயிடுச்சு. மேற்குப் பக்கம் கடைலயே 213 இருந்தா இன்னும் பழசு, 1991லயே அது 310 ஆச்சு. (போர்டை மாத்த சோம்பேறித்தனப்பட்ட கடைக்காரங்க இருக்காங்க, அதனால கார் மாடலையும் சேத்துப் பாத்துக்கணும்.) சிட்டி ஹால் டவரு சாரம் கட்டி நின்னா நூற்றாண்டு திரும்பற சமயம், அப்பதான் பூகம்பத்துக்கு பலப்படுத்தற வேலை நடந்துச்சு. இந்த மாதிரி வெளையாட ஒரு ஒழுங்கா எடிட் பண்ண டாக்குமெண்டரில சான்ஸே இல்ல, எடிட்டர் இந்த மிச்சம் மீதியெல்லாம் வெட்டி எறிஞ்சிருப்பாரு.

ஊர் எபிசோடுகள்ல எங்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டா ஏஞ்சல்ஸ் ஃப்ளைட்னு சொல்வேன். டவுன்டவுன்ல ஹில் ஸ்ட்ரீட்லேந்து பங்கர் ஹில் மேட்டுக்கு ஏறுற குட்டி ரயில், ரெண்டே பெட்டி, ஒண்ணு பேரு ஒலிவெட், ஒண்ணு சைனாய். ஒண்ணு ஏறினா ஒண்ணு எறங்கும். 1901ல ஆரம்பிச்சது, 1969ல மேட்டையே காலி பண்ணி பில்டிங் கட்டறோம்னு கழட்டி எடுத்துட்டு போயி, சீக்கிரமே திருப்பி வைக்கறோம்னு சொன்னவங்க 1996லதான் வச்சாங்க, அதுவும் பழைய எடத்துல இல்ல, அரை ப்ளாக் தள்ளி. ஹவ்ஸர் இதுக்கெல்லாம் ஏத்த ஆளு. ரயிலப் பாத்ததும் சின்னப் பையனா ஆயிடுவார். ஆனா நாம இப்ப பாக்கும்போது நமக்கு தெரியும் அவங்களுக்கு தெரியாதது, 2001ல கேபிள் சிஸ்டம் ஃபெயிலாகி ஒரு பெட்டி சறுக்கி இன்னொண்ணு மேல மோதி ஒருத்தர் செத்துப் போனாரு, ஒம்போது வருஷம் மூடிக் கெடந்துச்சு, 2010ல தொறந்து 2013ல மறுபடி தடம் புரண்டு மூடி, 2017 ஆகஸ்ட்லதான் திரும்ப ஓட ஆரம்பிச்சுச்சு. அந்த சிரிச்ச மொகங்களைப் பாக்கும்போது இதெல்லாம் தலைக்குள்ள ஓடும், வேற மாதிரி ஒரு படம் ஆயிடும் அது. பாத்துட்டு ஒரு சனிக்கிழமை போய் ஏறிட்டு வாங்க, எதுத்தாப்புலயே 1917லேந்து இருக்கற கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட், சாப்பாட்டுக்கும் வேற எங்கயும் அலைய வேணாம்.

சாப்பாட்டுக் கடை எபிசோடெல்லாம் தனி ரகம். பிராட்வேல 1935ல தொறந்த க்ளிஃப்டன்ஸ் கஃபெட்டீரியான்னு ஒண்ணு, உள்ள காடு மாதிரி செட்டு, செயற்கை அருவி, ரெட்வுட் மரம், கையில காசு இல்லன்னாலும் சாப்பாடு போட்டு அனுப்பற கொள்கை, அந்த ஊரோட அன்னதான சத்திரம்னே வச்சுக்கலாம். ட்ரேய தள்ளிக்கிட்டு லைன்ல போயி சாப்பிட்ட அந்த பழைய க்ளிஃப்டன்ஸ இனிமே நேர்ல பாக்க முடியாது. 2010ல கை மாறி, வருஷக்கணக்கா புதுப்பிச்சு 2015ல பளபளன்னு தொறந்தாங்க, பார்லாம் வந்துச்சு, ஆனா அந்த ட்ரே லைன் ரொம்ப நாள் நிக்கல. பிராட்வேயே இப்ப வேற தெரு. 1999ல பழைய ஆஃபீஸ் பில்டிங்க வீடா மாத்தலாம்னு சிட்டி ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு, அதுக்கப்புறம் டவுன்டவுன்ல லாஃப்டு வீடு, நாய்க்குட்டி, பன்னிரெண்டு டாலர் ஜூஸு. அதுக்கு முந்தின பிராட்வே ஸ்பானிஷ் பேசற குடும்பங்க ஞாயித்துக்கெழம மொத்தமா வந்து துணி வாங்கற, கல்யாண கவுன் பாக்கற, ரேடியோ கடைல பாட்டு அலறற தெரு. அந்த சத்தம் இந்த டேப்புகள்ல இருக்கு. படத்தை விட சத்தம் எனக்கு முக்கியமா படுது, ஏன்னா ஃபோட்டோ எல்லார்கிட்டயும் இருக்கு, சத்தத்தை யாரும் எடுத்து வைக்கல.

ஆத்தைப் பத்தின எபிசோடையும் விட்டுறாதீங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல ஆறு இருக்கான்னு கேக்கறவங்க அந்த ஊர்லயே உண்டு. 51 மைல் நீளம், 1938 வெள்ளத்துக்கு அப்புறம் ஆர்மி இன்ஜினியர்கள் வந்து பெரும்பகுதிய கான்க்ரீட் போட்டு வாய்க்கால் ஆக்கிட்டாங்க, க்ளெண்டேல் பக்கம் அடில ஊத்து தண்ணி மேல இருக்கறதால தரையில கான்க்ரீட் நிக்காதுன்னு விட்டு வச்சாங்க, அங்க மரம், நாரை, தவளைன்னு கொஞ்சம் உசுரு இருக்கு. இப்ப அந்த ஆத்தைப் பத்தி பேசறது ஃபேஷன், சைக்கிள் பாதை, கயாக் படகுன்னு. அப்போ அது யாரும் திரும்பிப் பாக்காத சாக்கடை. அப்போ போய் ஒரு டிவிக்காரரு "இது ஆறுங்க, ஆறு"ன்னு குதிக்கறது நல்லா இருக்கு. டவுன்டவுன் ஆத்தங்கரைய காட்டற பழைய ஃபுட்டேஜ் எது கெடச்சாலும் ஆறாம் தெரு பாலத்தைத் தேடுங்க. 1932 பாலம், கான்க்ரீட்டுக்குள்ளயே கெமிக்கல் வினை நடந்து உள்ளுக்குள்ளயே வெடிச்சு வெடிச்சு கடைசில 2016ல இடிச்சுட்டாங்க, 2022ல புதுசு வந்துச்சு. அந்த ரெட்டை இரும்பு வளைவு இனிமே பழைய டேப்புலதான்.

குறை சொல்லாம விட முடியாது. ஹவ்ஸர் திருப்பித் திருப்பி பேசுவார். ஒருத்தர் "இந்தக் கடைய எங்க தாத்தா ஆரம்பிச்சாரு"ன்னு சொன்னா, "உங்க தாத்தா ஆரம்பிச்சாரா?"ன்னு கேட்டு, கேமராவுக்குத் திரும்பி "இவரு தாத்தா ஆரம்பிச்சிருக்காரு"ன்னு சொல்லி, அப்புறம் "அப்போ இதை உங்க தாத்தாதான்"னு மறுபடி கேப்பார். நாலாவது தடவை நமக்கே அந்த தாத்தா மேல கோவம் வரும். பத்து நிமிஷ விஷயம் அரை மணி நேரம் ஓடும். எந்தக் கதையச் சொன்னாலும் நம்பிடுவாரு, இந்த சாண்ட்விச்ச நாங்கதான் மொதல்ல கண்டுபுடிச்சோம்னு ஒரு கடைக்காரர் சொன்னா, பக்கத்துத் தெருக்காரரும் அதையே சொல்றாரேன்னு கேக்க மாட்டாரு. அதனால இதுலேந்து வரலாறு எடுத்து பிள்ளைங்க ஸ்கூல் ப்ராஜெக்ட்ல போடாதீங்க, தேதியெல்லாம் வேற எடத்துல சரி பாத்துட்டு போடுங்க.

இன்னொண்ணு, சண்டை சச்சரவுள்ள எடத்துல இவரு நிக்கவே மாட்டாரு. பங்கர் ஹில்ல இருந்த வீடெல்லாம் யாரு வீடு, அத்தனை ஆயிரம் வாடகைக்காரங்க எங்க போனாங்க, இதெல்லாம் அவரோட ஏரியா இல்ல. நல்ல விஷயம், சந்தோஷமான மனுஷங்க, போலாம் அடுத்த ஊருக்கு. 1992 கலவரம் நடந்த ஊரு இது, 94ல நார்த்ரிட்ஜ் பூகம்பம் வந்த ஊரு, அந்த வருஷங்கள்ல இவ்ளோ சிரிப்பு எப்படின்னு ஒரு எரிச்சல் வரும். ஆனா முழுக்க அப்படித்தான்னும் சொல்ல முடியல. மான்சனார் எபிசோட் ஒண்ணு இருக்கு, ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பானிய அமெரிக்கர்களை, அதுல பெரும்பாலானவங்க லாஸ் ஏஞ்சலஸ்காரங்க, வீடு வாசல விட்டுத் தூக்கிட்டுப் போயி பாலைவனத்துல அடைச்சு வச்ச முகாம். அங்க சின்ன வயசுல பாடின ஒரு பெண்மணிய வச்சுத்தான் கதையே போகும். அவரோட அந்த வெகுளித்தனம் அங்க வேற மாதிரி வேலை செய்யுது. இவரு ஒண்ணும் தெரியாத ஆள் மாதிரி கேக்கறதால எதுத்தாப்புல இருக்கறவங்க எல்லாத்தையும் முதல்லேந்து விளக்குறாங்க. விஷயம் தெரிஞ்ச ரிப்போர்ட்டரா இருந்தா பாதிய அவரே பேசி முடிச்சிருப்பார்.

அந்த திருப்பிப் பேசற வியாதிக்கும் ஒரு நல்ல பக்கம் இருக்கு. எங்க அத்தை (மனைவியோட அம்மா) இங்க வந்திருந்தப்போ பகல்ல டிவில என்ன போட்டாலும் இங்கிலீஷ் வேகம் புரியலன்னு தூங்கிடுவாங்க. இதை மட்டும் உக்காந்து பாத்தாங்க. ஒரே விஷயத்தை மூணு தடவ சொல்றதால மூணாவது தடவ புரிஞ்சிடும், பேசறதெல்லாம் கையில தொட்டுக் காமிச்சுதான் பேசறாரு. "இந்த ஆளு நல்லவரா தெரியறாரு மாப்ள, பேசறவங்கள பேச விடறாரு"ன்னாங்க. அப்புறம் யானை எபிசோட். சர்க்கஸ்ல யானை பழக்கின ஒரு வயசானவர், வருஷக்கணக்கா பாக்காத தன்னோட யானை நீட்டாவ சான் டியேகோ வைல்ட் அனிமல் பார்க்ல போய் கூப்புடறாரு, தூரத்துலேந்து குரல் கேட்டு அது வருது. அவ்ளோதான் கதை. மியூசிக் கெடையாது, க்ளோசப் மேல க்ளோசப் கெடையாது, ஹவ்ஸரே அங்க வாய மூடிக்கிட்டு இருக்காரு, அதுவே பெரிய அதிசயம். அத்தை கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க, நானும் கிச்சன்ல ஏதோ வேல இருக்கற மாதிரி எழுந்து போயிட்டேன்.

படத்தோட தரம் பத்தி. இது ஃபிலிம் இல்ல, டேப். அந்தக் காலத்து டிவி கேமரா பீட்டாகேம், அமெரிக்க டிவியோட 525 கோடு, அதுல கண்ணுக்குத் தெரியறது 480தான். படமும் பழைய டிவி மாதிரி அகலம் நாலுன்னா உயரம் மூணு. உங்க வீட்டு 65 இஞ்ச் டிவில போட்டா மொகமெல்லாம் களிமண்ணு மாதிரி இருக்கும், ஆர்க்கைவை குத்தம் சொல்லாதீங்க, அங்க அவ்ளோ விவரம்தான் பதிஞ்சிருக்கு. ஃபிலிம்ல எடுத்திருந்தா இன்னைக்கு 4கேல ஸ்கேன் பண்ணி மினுக்கலாம், டேப்புல அந்த வசதி கெடையாது. லேப்டாப்லயோ டேப்லெட்லயோ பாருங்க, நல்லாவே இருக்கும். டிவிலதான் பாப்பேன்னா பிக்சர் செட்டிங்ல போய் ஸ்ட்ரெட்ச்ச ஆஃப் பண்ணி நாலுக்கு மூணுல வைங்க, ரெண்டு பக்கமும் கறுப்பு வந்தா வரட்டும். இழுத்து வச்சுப் பாத்தா ஏற்கெனவே பெருசா இருக்கற ஹவ்ஸர் இன்னும் அகலமா ஆயிடுவாரு. படத்தை செயற்கையா வழுவழுன்னு ஓட்டற மோஷன் ஸ்மூத்திங்னு ஒண்ணு இருக்கும், அதையும் அணைச்சுடுங்க. சத்தம் மட்டும் சூப்பரா இருக்கும், ஏன்னா மைக்க பேசறவங்க தாடைக்குக் கீழயே நீட்டிடுவாரு.

எப்படி ஆரம்பிக்கறதுன்னா, ஊருக்காக பாக்கறவங்க 'கலிஃபோர்னியாஸ் கோல்ட்'ல ஆரம்பிக்காதீங்க. அது மாநிலம் பூரா சுத்தறது, 58 கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), பாலைவனம், மலை, கோல்டன் கேட் பாலம்னு, நல்லாத்தான் இருக்கும், ஆனா லாஸ் ஏஞ்சலஸ் தெருவுக்கு 'விசிட்டிங்' சீரீஸும் 'டவுன்டவுன்' சீரீஸும்தான். எபிசோட் பேரெல்லாம் பெரும்பாலும் ஒத்தை ரெட்டை வார்த்தைதான், பேர வச்சு ஒண்ணும் கண்டுபுடிக்க முடியாது, நீங்க இருந்த ஏரியா பேரையோ தெருப் பேரையோ அடிச்சுத் தேடுங்க. 90கள்ல எடுத்ததுக்கு முன்னுரிமை குடுங்க, பிந்தினதுல அவரே ஒரு விஐபி ஆயிட்டதால போற எடமெல்லாம் ஜனங்க அவரைப் பாத்து பூரிச்சுப் போய் நிக்கறாங்க, ரிப்பன் வெட்டற விழா மாதிரி ஆயிடுது, பின்னணில இயல்பா நடமாடற ஆளே கெடைக்காது. ஒரே மூச்சுல நாலு பாத்தீங்கன்னா தலைவலி கியாரண்டி, ஒரு நாளைக்கு ஒண்ணு போதும். எபிசோடப் பாத்துட்டு அந்தக் கடைக்கு காரெடுக்கறதுக்கு முன்னாடி இன்னும் தொறந்திருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க, பாதி எடம் இப்ப வேற ஏதோவா இருக்கும்.

ஆரஞ்ச் பக்கம் போறவங்க சாப்மன்ல லெதர்பி லைப்ரரிக்கும் ஒரு எட்டு போயிட்டு வரலாம், அவரைப் பத்தின கண்காட்சி அங்கதான். பெருசா எதிர்பாத்துட்டுப் போகாதீங்க, சுவாரஸ்யமெல்லாம் டேப்புலதான் இருக்கு. பக்கத்துல பழைய ஆரஞ்ச் டவுன்ல ரவுண்டானாவச் சுத்தி நடந்தா அரை நாள் பொழுது போயிடும்.

மார்க் போடணும்னா ஃபுட்டேஜுக்கு அஞ்சுக்கு அஞ்சு, ஹோஸ்ட்டுக்கு மூணு, அதுலயும் ஒண்ணு யானைக்காக. ஒரு எச்சரிக்கை மட்டும், யூட்யூப் சேனல் வச்சிருக்கறவங்களுக்கு. ஃப்ரீயா பாக்கலாம்ங்கறதுக்கும் ஃப்ரீயா எடுத்துக்கலாம்ங்கறதுக்கும் நடுவுல காப்பிரைட்னு ஒண்ணு நிக்குது. பழைய எல்ஏ வீடியோன்னு இதுலேந்து துண்டு வெட்டி மேல லோ-ஃபை மியூசிக் போட்டு ஏத்தற வேலையெல்லாம் வேணாம். உண்மையிலயே ஒரு ப்ரோக்ராமுக்குத் தேவைன்னா எந்த எபிசோட், எத்தனையாவது நிமிஷத்துலேந்து எவ்ளோ செகண்ட், எங்க யூஸ் பண்ணப்போறீங்கன்னு தெளிவா எழுதி யூனிவர்சிட்டிகிட்ட கேளுங்க, பதில் எழுத்துல வர்ற வரைக்கும் எடிட்ல வைக்காதீங்க.